ஃபிளாஷ் பிடித்தவள்

சின்னமனூரில் கருத்தக்கண்ணன் படம் பிடிக்காத முகம் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாமி கும்பிடு, கடைசியில் நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு வைத்த பிணம் வரைக்கும் அவன் கேமராவுக்குத் தப்பியவர்கள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவனுடைய ஸ்டூடியோவில் ஒரு சுவர் முழுக்க நெகட்டிவ் பெட்டிகள்தான். ஊரே அதற்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பெண்டாட்டி செத்த ஐந்தாம் நாள் மச்சினன் அம்மாவாசி வந்து ஒரு படம் கேட்டபோதுதான், தன் வீட்டில் மாட்டுவதற்கு ஒரு முகம் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது.

"பதினாறுக்குள்ள அக்கா படத்தைப் பிரேம் போட்டு மாட்டணும்ல மாமா. சொந்த பந்தமெல்லாம் வருவாக. படத்துக்குத்தான மாலை போடணும். நல்லதா ஒண்ணு எடுத்து வையுங்க" என்றான் அம்மாவாசி.

"பாக்கிறேன் மாப்ள."

"பாக்கிறேனா? ஸ்டூடியோவ வச்சுக்கிட்டுப் பாக்கிறேங்கிறீக!"

அம்மாவாசி அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரலில் சும்மாதான் சொன்னான். கருத்தக்கண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்யாணப் படம் இல்லாமல் போன கதை ஊருக்கே தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து வந்த கூட்டாளி ஒருத்தன், நண்பன் கல்யாணம் என்று காலையிலிருந்து ஓடியாடி எடுத்தான். ஃபிலிம் ரோலின் நுனி கேமராவுக்குள் மாட்டவே இல்லை. முப்பத்தாறு தடவையும் வெறும் சத்தம்தான். அதை வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தது ஓட்டர் அட்டை. அதில் இருந்த படத்தைக் காட்டி இது சுருளியம்மாள் என்றால் சுருளியம்மாளே ஒத்துக்கொள்ள மாட்டாள். மூக்கும் வாயும் ஒரே கருப்பாக அப்பியிருந்தன.

அவள் கேட்காமல் இல்லை. கல்யாண வீடுகளில் சாமான்களைப் பைக்குள் வைக்கும்போதெல்லாம், "ரோல்ல மிச்சம் இருந்தா என்னையும் ஒண்ணு எடுங்களேன்" என்பாள். அவனும், "எடுப்பம், எடுப்பம், நீ எங்க போகப் போற?" என்பான். சில நாள் மிச்சம் இருக்கும். அதை மகள் பாண்டீஸ்வரியை எடுத்து முடிப்பான். அப்போதும் பக்கத்தில் நின்று ஃபிளாஷ் பிடித்தவள் சுருளியம்மாள்தான்.

அவளை ஃபிளாஷ் பிடிக்க வைத்தது அந்த லென்ஸ். தேக்கடி பார்க்க வந்த வெள்ளைக்காரர் யாரோ குமுளியில் ஒரு கடையில் விற்றுவிட்டுப் போன இருபது எம்.எம். வைடு லென்ஸ். "ஒரு மண்டபம் முழுக்க உள்ளே வரும் சேட்டா" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வந்தான். மண்டபம் வந்தது. மனுஷர்கள்தான் எறும்பு எறும்பாகப் போனார்கள். ஓரத்தில் நின்றவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு, ஒல்லியான ஆள் கூட இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி மாதிரி உப்பிப் போனார்கள். குரூப் போட்டோவில் கடைசியில் நின்ற மாப்பிள்ளையின் அத்தை, தன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆல்பத்தைத் தூக்கி எறிந்ததும் நடந்தது. ஆறு மாதம் அந்த லென்ஸ் டப்பாவுக்குள் கிடந்தது.

பிறகு ஓர் ஆடி சனிக்கிழமை குச்சனூர் கோயில் நெரிசலில், மாற்றுவதற்கு வேறு லென்ஸ் இல்லாமல் அதையே போட்டிருந்தான். பின்னால் இருந்தவர்கள் தள்ளிய தள்ளில், எள் விளக்கு ஏந்திய ஒரு பெண்ணின் கைகள்மேலேயே போய் மோதப் பார்த்தான். மோதுவதற்கு முன்னால் விரல் அமுங்கிவிட்டது. கழுவி வந்த படத்தைப் பார்த்தவன் அசந்து உட்கார்ந்தான். விளக்கும் கைகளும் படம் நிறையப் பெரிசாக, ரேகை ரேகையாகத் தெரிய, அதற்குப் பின்னால் கோபுரமும் ஆறும் ஆயிரம் தலைகளும் சிறுத்துப் போய் அந்தக் கைகளுக்கு அடங்கி நின்றன. எல்லாவற்றையும் அடைக்கிற லென்ஸ் இல்லை இது, கிட்டப் போகிற லென்ஸ் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் அவன் கிட்டத்தான் போனான். மேகமலை ரோட்டில் மண்ணில் மல்லாந்து படுத்துப் பிடித்தான். காளையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். திராட்சைக் கொத்தை முன்னால் விட்டு, பின்னால் மலை மொத்தத்தையும் வளைத்துப் பிடித்தான். கல்யாணத்தில் தாலி கட்டுகிற விரல்களுக்கு ஒரு கை தூரத்தில் போய் நிற்பான். ஐயர், "தள்ளுமய்யா, எனக்கே கை போக மாட்டேங்குது" என்று திட்டுவார். தேனி வரைக்கும் பேர் ஆயிற்று. படுத்துக்கொண்டு படம் எடுப்பவனைக் கூப்பிடு என்று ஆள் வந்தது.

இதில் ஒரு சிக்கல். கேமரா தலையிலேயே ஃபிளாஷை வைத்தால் அந்த லென்ஸ் பார்க்கிற அகலத்துக்கு வெளிச்சம் எட்டாது, கிட்டே இருக்கிற முகம் மட்டும் வெளுத்துப் போகும். அதனால் ஃபிளாஷைக் கழற்றி, வயர் மாட்டி, பக்கவாட்டில் சற்று முன்னால் தள்ளி நின்று ஒருவர் பிடிக்க வேண்டும். வயர் நீளம் இரண்டு முழம். இரண்டு முழத்துக்குள் நின்றால் அந்த லென்ஸுக்குள் கட்டாயம் விழுவார்கள். விழட்டும் என்று விட்டான். அதுவும் அவனுக்கு ஒரு வசதியாக அமைந்தது. சுருளியம்மாள் நிற்கிற இடம்தான் எல்லை, அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளும் போகக் கூடாது, எல்லாரும் உள்ளே நில்லுங்கள் என்பான். வலது ஓரத்தில் தூணோ சுவரோ விழும்படி பார்த்துக்கொள்வான், இழுபடுகிற இடது ஓரம் அவளோடு போய்விடும். மதுரை லேபுக்கு அனுப்பும்போது நெகட்டிவ் உறையின்மேல் 'இடது ஓரம் கட்' என்று எழுதிவிடுவான். அவளை வெட்டிவிட்டுப் படம் போட்டுத் தருவார்கள். ஆல்பத்தில் யார் முகமும் கெடாது. அடுத்தவன் பெண்டாட்டி முகம் கெட்டால் ஆல்பம் திரும்பி வரும். தன் பெண்டாட்டி முகம் கெட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கெட்டிக்காரத்தனம் என்றுதான் அதை நினைத்தான். மற்ற ஸ்டூடியோக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

அவளும் அலுத்துக்கொண்டதில்லை. இடது கையால் ஃபிளாஷைத் தூக்கிப் பிடித்து, எப்போது சைகை வரும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த லென்ஸைப் பழகிக்கொண்ட பிறகு இரண்டு வருஷமும் அப்படித்தான் நின்றாள்.

கடைசியாக நின்றது ஓடைப்பட்டியில். அது தொண்ணூற்றேழு வைகாசி. திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணம். தாலி கட்டி முடித்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். கொடிப்பந்தலின் கல்தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய் மலையில் முடிய வேண்டும், முன்னால் இருவர் கையும் சேர்ந்து ஒரு கொத்தை ஏந்த வேண்டும், அது படத்தில் பாதி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. நல்ல கணக்குதான். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. செத்த நேரம் அங்கன நெழல்ல உக்காந்துக்கிரவா?" என்றாள் சுருளியம்மாள்.

"இந்த ஒண்ணு மட்டும் நில்லு. பொண்ணு மாப்ளயப் பந்திக்குக் கூப்பிட்டுக்கிட்டு இருக்காக. அசையாத."

நின்றாள். ஒன்று என்றது நாலாயிற்று. நாலாவது படத்துக்கு அவள் கையில் ஃபிளாஷ் ஆடியது. கண்ணைக் கேமராவில் வைத்தபடியே ஓரத்தைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிய அகலமாக இளித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இளிப்பு? கை ஆடுது பாரு" என்று அதட்டிவிட்டு அமுக்கினான்.

பிறகு அவள் போய்த் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். பந்தி முடிந்து இவன் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தபோது வாந்தி எடுத்துக் கிடந்தாள், பேச்சு குழறியது. பெண் வீட்டுக்காரர்களே அவர்கள் காரில் ஏற்றிவிட்டார்கள். தேனியில் பார்த்தவர்கள், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது இவன் மடியிலேயே மூச்சு நின்றது. பூவும் பொட்டுமாகப் போய்விட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். முப்பத்திரண்டு வயது.

பிணத்தோடு சேர்த்துக் குடும்பத்தை உட்கார வைத்துப் படம் எடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இவன் வீட்டுக்கு வந்து எடுக்க யாரும் துணியவில்லை, இவனும் யாரையும் கூப்பிடவில்லை. அப்போதுகூட அவனுக்குப் படம் என்ற நினைப்பே வரவில்லை.

அம்மாவாசி கேட்டுவிட்டுப் போன மறுநாள் பெட்டிகளை இறக்கினான். ஒவ்வொரு நெகட்டிவாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவள் இருந்தாள். எல்லாவற்றிலும் இருந்தாள். நானூறு, ஐநூறு இடத்தில் இருந்தாள். இடது ஓரத்தில், கை தூக்கி, இழுபட்டு, பூசணிக்காயாக உப்பி, ஒரு கண் சின்னதும் ஒரு கண் பெரிசுமாக இருந்தாள். சிலதில் மூக்கோடு அறுபட்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வயரைப் பிடுங்கிவிட்டு அவளை நடுவில் நிறுத்தியிருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஷட்டர் திறந்து மூடுகிற நேரம்.

ஐந்தாறு முகங்களைப் பெரிசு பண்ணித் தேனியில் படம் வரைகிற ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்து, இதை வைத்து ஒழுங்காக ஒரு முகம் எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினான். அவர் மூன்று நாளில் எழுதிக் கொடுத்தார். சிவந்த உதடும் வில் மாதிரிப் புருவமுமாக யாரோ ஒரு சினிமாக்காரி கழுத்தில் சுருளியம்மாளின் பாசிமணி தொங்கியது.

பாண்டீஸ்வரி அதை ஒரு தடவைதான் பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

"இது யாருப்பா?" என்றாள்.

அவன் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். ஓரத்தை வெட்டாமல் அவனே ஸ்டூடியோவில் கழுவிப் போட்டுத் தரையில் பரப்பியிருந்த சின்னச் சின்னப் பிரிண்டுகளைப் பிள்ளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை எடுத்தவள் அப்படியே வைத்துக்கொண்டாள். ஓடைப்பட்டியில் எடுத்த நாலாவது படம்.

"இதைப் போடுவம்ப்பா. அம்மா சிரிக்கிறாக."

"மொகம் உப்பலா இருக்கேத்தா."

"இருந்தா இருக்கட்டும். இதுல மட்டுந்தான் நல்லா சிரிக்கிறாக. பல்லெல்லாம் தெரியுது பாருங்க."

அவனும் பார்த்தான். ஆமாம், சிரிக்கத்தான் செய்தாள். இந்தப் பத்து நாளில் அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதல் அதுதான். தலைவலியோடு நிற்க வைத்தோமே என்று நினைக்கும்போதெல்லாம், கடைசியில் சிரித்துக்கொண்டுதானே நின்றாள், நாம்தானே இளிக்காதே என்று அதட்டினோம், அவ்வளவு வலி இருந்தால் சிரிப்பாளா என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். பிள்ளை கையில் இருந்த படம் அதற்குச் சாட்சி மாதிரி இருந்தது.

முகத்தை மட்டும் பெரிசு பண்ணச் சொன்னால் லேபில் கோணலாக வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, நெகட்டிவ் முழுவதையும் பதினாறுக்கு இருபத்திநாலு அங்குலத்தில் போட்டுத் தரச் சொல்லி மதுரைக்குக் கொடுத்துவிட்டான். உறையின்மேல் முதல் தடவையாக 'ஓரம் வெட்ட வேண்டாம்' என்று எழுதினான்.

பதினாறுக்கு இரண்டு நாள் இருக்கும்போது படம் வந்தது. மத்தியானம். பிள்ளை அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் மேஜையில் விரித்து வைத்து, நாலு மூலையிலும் நெகட்டிவ் பெட்டியைப் பாரமாக வைத்தான். நடுவில் அந்தத் திராட்சைக் கொத்து பெரிசாகக் கிடந்தது, அதை ஏந்திய இரண்டு கைகள், மருதாணி, மோதிரம், பின்னால் தூண்கள் ஓடி மலையில் முடிந்தன. அவன் வாழ்நாளில் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அந்த நேரத்தில் அது தெரிந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

இடது ஓரத்தை வெட்டுவதற்காக ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் குனிந்தான். கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க முகத்தைப் படத்தின் நடுவுக்கு நேராக, ஒன்றரைச் சாண் கிட்டத்தில் கொண்டு போனான். திராட்சைக் கொத்து கண்ணுக்கு நேராக மங்கலாக நின்றது. அங்கிருந்து தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டினான்.

சுருளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உப்பல் இல்லை, இழுவை இல்லை. அவளுடைய சின்ன முகம், ஒட்டிய கன்னம், நெற்றியில் சரிந்த முடி, எல்லாம் இருந்தபடி இருந்தன. தோட்டத்தில் நின்ற மாதிரியே இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறாள் என்று தோன்றியது. லென்ஸ் எங்கிருந்து பார்த்ததோ அங்கே கண்ணை வைத்தால் எதுவும் கெடவில்லை. தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் அவள் பூசணிக்காய்.

"ஏ சுருளி" என்றான் சத்தமாக. பதினாலு நாளில் முதல் தடவையாக அவள் பேரைச் சொன்னான்.

சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள் கண் பழகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். உதடு இரண்டு பக்கமும் இறுகிப் போயிருந்தது. புருவம் நடுவில் சுருங்கி, கண்ணில் நீர் கட்டி, அந்தக் கண் இவனையே பார்த்தது. முடிந்ததா என்று கேட்கிற பார்வை. தலைக்குள் என்னமோ கிழிந்துகொண்டிருக்கும்போது, ஃபிளாஷைக் கீழே விடாமல், இவன் சைகைக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து தள்ளி நின்றான், சிரித்தாள். குனிந்தான், வலியில் நின்றாள். மறுபடி நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். எத்தனை தடவை பார்த்தாலும் கிட்டத்தில் இருந்ததுதான் நிஜம். ஓரத்தை இழுக்கிற அந்த லென்ஸ்தான் கடித்த பல்லைச் சிரிப்பாக்கிக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் அதட்டியிருக்கிறான்.

மேஜைமேல் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதான். படம் நனைந்துவிடுமே என்று தொழில் புத்தி இடையில் ஞாபகப்படுத்தியது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் பிள்ளை ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், அம்மா சிரிக்கிற படம் வருகிறதென்று. பிள்ளைக்குச் சிரிப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்தான். முகத்தை மட்டும் வெட்டி எடுத்தான். இத்தனை வருஷமும் ஓரத்தை எறிந்து நடுவை வைத்துக்கொண்டவன், அன்றைக்கு ஓரத்தை வைத்துக்கொண்டு நடுவை எறிந்தான். கண்ணாடி போட்டு, பிரேம் போட்டு, கூடத்தில் வாசல் நிலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினான். யாரும் கிட்டப் போய்ப் பார்க்க முடியாத இடம் வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது.

பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். "மகராசி, என்னமா சிரிக்கிறா" என்றார்கள் பெண்கள். "கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கு, ஆனா சிரிச்ச மொகம்" என்றார் ஒரு பெரியவர். கருத்தக்கண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அம்மாவாசி மட்டும், "எதுக்கு மாமா இம்புட்டு ஒசரத்துல?" என்று கேட்டான். "அங்கனதான் ஆணி நிக்குது மாப்ள" என்றான்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்தது. பாண்டீஸ்வரி எங்கிருந்தோ ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு முழம் மல்லிகை.

"வேணாத்தா, நான் போடுறேன். குடு" என்றான்.

"எங்கம்மாவுக்கு நாந்தான் போடுவேன்."

குரலில் அவள் அம்மா இருந்தாள். அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். வாசற்படி மேட்டில் ஸ்டூல் நிற்காது. இடது பக்கம் மூலைச்சுவர். பிள்ளை அதை வலது பக்கமாகப் போட்டு ஏறினாள். ஏறியும் எட்டவில்லை. பெருவிரலில் எக்கி, சுவரோடு தோளை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கை நீட்டிப் பூவைப் பிரேமில் மாட்டினாள்.

மாட்டிய கை அப்படியே நின்றது. அவள் இறங்கவில்லை.

"பூ வச்சாச்சுல்ல, எறங்குத்தா" என்றான்.

பிள்ளை சுவரிலிருந்து தோளை எடுக்காமல், அவன் வெட்டி எறிந்த நடுப்பகுதி இருந்திருக்க வேண்டிய அந்தப் பக்கத்திலிருந்தே, கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "அம்மாவுக்கு என்னப்பா செய்யுது?"

கருத்தக்கண்ணன் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.